மறு: இன்லாண்ட் போர்ட் – 'உள்நிலத் துறைமுகம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். 'இன்லாண்ட் போர்ட்' (inland port) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது. கடலிலிருந்து தள்ளி, உள்ளே இருந்தபடி கப்பல் சரக்கைக் கையாளும் இடம் அது.

> 'பசுமைத் துறைமுகம்' என்று வைத்தால் என்ன? நெடுஞ்சாலையில் லாரிகளைக் குறைப்பதற்குத்தானே இந்த ஏற்பாடு?

பயனைப் பெயராக்க வேண்டாம். அந்தப் பயன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை.

கிடைக்கும் இடத்துக்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீர் நல்ல சான்று. 2013இல் திறந்தார்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து சுமார் 340 கி.மீ. உள்ளே இருக்கிறது. கப்பலில் வந்த சரக்குப் பெட்டகங்கள் இரவோடிரவாக ரயிலில் வந்து சேரும். அங்கிருந்து ஆலைக்கோ கிடங்கிற்கோ போகத்தான் லாரி. பிஎம்டபிள்யூ கார் ஆலையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு டன் சரக்கை இழுக்க ரயிலுக்கு ஆகும் டீசல் லாரியைவிட வெகு குறைவு, எனவே சரக்கு பெருகும் வேகத்தில் புகை பெருகாது. எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது காலிப் பெட்டக விஷயம். இறக்குமதிச் சரக்கை இறக்கிய பெட்டகம் வெறுமனே கடற்கரைக்குத் திரும்ப வேண்டாம். அங்கேயே ஏற்றுமதிச் சரக்கை ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு நடைக்குப் பதில் ஒன்று.

ஆனால் சால்ட் லேக் சிட்டியைப் பாருங்கள். யூட்டா மாநிலம் 2018இல் இதற்குச் சட்டம் போட்டதுமே எதிர்ப்பு கிளம்பியது. குளிர்காலத்தில் மலைகளுக்கு நடுவே புகை தேங்கி நிற்கும் ஊர் அது. கிடங்குகள் பெருகினால் லாரிகளும் அங்கேயே குவியும் என்று மக்கள் பயந்ததில் நியாயம் உண்டு. அவர்களிடம் போய்ப் 'பசுமை' என்றால் சிரிப்பார்கள்.

'உலர் துறைமுகம்' (dry port) என்ற சொல் ஜெர்மனியின் டூயிஸ்பர்குக்குப் பொருந்தாது. ரைன் ஆறும் ரூர் ஆறும் கூடும் இடத்தில், படகில் சரக்கு வந்திறங்கும் துறைமுகம் எப்படி உலரும்? 'உள்நாட்டுத் துறைமுகம்' என்றால், உள்நாட்டு விமான முனையம் போல, வெளிநாட்டுச் சரக்கு வராத இடம் என்று படிப்பார்கள். இங்கே வருவதில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்குதான். சுருக்கி 'உள்துறை' என்று எழுதலாம் என்ற யோசனையை அமைச்சகத்துக்கே விட்டுவிடுவோம்!

ஆகவே என் வாக்கு 'உள்நிலத் துறைமுகம்'. கடலிலிருந்து தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ரயிலோ ஆறோ எதுவும் இணையலாம்.

> அப்போ கோவை இருகூர் ஐசிடியை (inland container depot) எப்படிச் சொல்வது?

அதைத் தனிச்சொல்லாக வைப்போம்: 'உள்நிலப் பெட்டக நிலையம்'. சுங்கச் சோதனை முடித்துப் பெட்டகத்தைக் கையாளும் இடம் என்று விளக்கத்தில் சேர்த்தால் போதும். ஏற்றுமதிக்காரர்கள் எப்படியும் ஐசிடி என்றுதான் சொல்வார்கள், அந்த வடிவத்தையும் பதிவில் கொடுத்துவிடலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.