புதுப்பிப்பு: ஆக்‌ஷன் மேன் பொம்மை இப்போது நிற்கிறது

பாலிடாய் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய ஆக்‌ஷன் மேன் (மூட்டுகள் அசையும் சிப்பாய் பொம்மை) ஒன்று இடுப்பு தொளதொளத்து நிற்காமல் சாய்கிறது, பூட்ஸும் காலில் ஏற மாட்டேன் என்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது எலாஸ்டிக்கை மாற்றும் யோசனைதான். இந்தப் பழைய உடலில் தலை, கை, கால் எல்லாவற்றையும் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் இழுத்துப் பிடிக்கிறது. என்னுடையதில் அது நைந்து, இழுத்தால் திரும்பிச் சுருங்காத நிலையில் இருந்தது. தையல் சாமான் கடையில் வாங்கிய உருண்டை எலாஸ்டிக்கை அதே கொக்கிகளில் மாட்டினேன். ரொம்ப இறுக்கக் கூடாது. இறுக்கினால் கால் தானாக மடங்கிக்கொள்கிறது.

எதிர்பாராதது: இடுப்பு சரியான பிறகும் முழங்கால் தளர்ந்தே இருந்தது. அங்கே எலாஸ்டிக் இல்லை, ரிவெட் (இரு துண்டுகளைச் சேர்க்கும் உலோக ஆணி) தான். அதை அடித்து இறுக்கலாம் என்றார் ஒருவர். பிளாஸ்டிக் விரிந்துவிடுமோ என்று நான் தொடவில்லை. பூட்ஸ் போட்டால் தாங்குகிறது, போதும்.

அந்த பூட்ஸை வெந்நீரில் இளக்கினால் மட்டும் போதவில்லை. பூட்ஸை வெதுவெதுப்பாக்கி, பொம்மையின் பாதத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி நுழைத்ததும் வழுக்கிக்கொண்டு ஏறியது. பையை அப்புறம் மெல்ல உருவிவிடலாம்.

1973-இல் வந்த, பொருளைப் பிடிக்கும்படி விரல் வளைந்த கை உள்ள பொம்மை வைத்திருப்பவர்கள் கவனம். அந்தக் கையின் மென்வினைல் (மெத்தென்ற பிளாஸ்டிக்) வயதாக ஆக இறுகி, விரல் ஒடியும். துப்பாக்கியைத் திணிக்காதீர்கள். சட்டை மாட்டும்போதும் விரல்களைக் காகிதத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். என்னுடையதில் சுண்டுவிரல் முன்பே போயிருந்தது. மறுபதிப்புக் கைகள் தனியாகக் கிடைக்கின்றன, ஆனால் நிறம் கொஞ்சம் வெளிர்.