பேப்பர்ல வர்றதையும் வரலாறையும் எந்த அளவுக்கு நம்பலாம்?

அரூர்க்காரன்: எங்க ஏரி உடைஞ்சப்ப ராத்திரி பூரா கரையில மண்மூட்டை தூக்குனேன், மறுநாள் பேப்பர்ல ஊர் பேரே தப்பா வந்துச்சு. நேத்து நடந்ததுக்கே இப்படின்னா அதியமான் கதைய எப்படிங்க நம்பறது?

தகடூரான்: சங்கப் பாட்டை மட்டும் வச்சு நம்பலீங்க. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில பாறையில 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி'ன்னு பிராமி எழுத்துல வெட்டியிருக்கு, அந்த 'ஸதியபுதோ'ங்கிற பட்டமே அசோகர் கல்வெட்டுலயும் சதியபுத்திரர்னு வருது. பாட்டு, ஜம்பை, அசோகர்னு மூணும் தனித்தனி ஆளுங்க எழுதுனது.

பாலக்கோட்டான்: வாச்சாத்திய மறந்துட்டீங்களா? 1992ல வனத்துறை, போலீஸ்காரங்க அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள்ள புகுந்து ஜனங்களை அடிச்சு, பொம்பளைங்களை பலாத்காரம் பண்ணாங்க, அதிகாரிங்க ஒண்ணுமே நடக்கலன்னு சாதிச்சாங்க. அந்தப் பொம்பளைங்க வருசக்கணக்கா கோர்ட்டுல நின்னு சாட்சி சொன்னதாலதான் 2011ல குத்தம் சாட்டப்பட்ட 269 பேரும் குத்தவாளின்னு தர்மபுரியில தீர்ப்பு வந்துச்சு, அதுக்குள்ள அவங்கள்ல 54 பேர் செத்தே போயிட்டாங்க.

அரூர்க்காரன்: அது எங்க பக்கத்து ஊருதாங்க. ஏரிக்கரையில நின்னவங்க சொல்றதை இந்த வாரமே எழுதி வைக்கிறேன்.