பிளஸ் ஒன் படிக்கும் பெண் கோ-கோவுக்குப் போகலாமா?

தறிக்குடோன்:
வணக்கமுங்க. பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பயாலஜி குரூப். பத்தாவதில் 500க்கு 441 எடுத்தாள். குறுவட்டப் போட்டியில் அவள் ஆடிய கோ-கோ டீம் ஜெயித்துவிட்டது. அடுத்தது வருவாய் மாவட்ட அளவு. அதற்காகப் பள்ளி விட்டதும் ஆறு மணி வரை பயிற்சி. 6.20 பஸ்ஸை விட்டால் அப்புறம் எட்டு மணிக்குத்தான் பஸ். நிறுத்திவிடச் சொல்கிறாள் வீட்டுக்காரி. மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஒரே வெசனமாக இருக்கிறது. விளையாடினால் படிப்பு கெட்டுப்போகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்ககிரிக்காரன்:
அண்ணா, கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். நிறுத்திவிடுங்கள்.

நானும் உங்கள் வீடு மாதிரி ஒரு வீட்டில் பிறந்தவன்தான். அப்பா லாரி கிளீனர். இரண்டு எருமையை விற்று என்னை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்தரை வரை படிப்பு. பி.டி. பீரியடில் கணக்கு வாத்தியார் வருவார். 2012இல் 1200க்கு 1146 வாங்கினேன். அந்த மார்க்கில்தான் நல்ல கல்லூரி கிடைத்தது, தங்கை கல்யாணம் நடந்தது, அப்பா லாரியை விட்டு இறங்கினார்.

உங்கள் பெண் பயாலஜி எடுத்திருக்கிறாள். நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடமும் வரும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால், மருத்துவப் படிப்பில் அவர்களுக்கு 2020இலிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கதவு என் காலத்தில் திறக்கவில்லை. திறந்திருக்கும்போது மைதானத்தில் நிற்கலாமா?

என்.எஸ்.எஸ். தம்பி:
அண்ணா சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு நம்ம சேலம் மாவட்டம்தான். காய்கறி விற்ற அம்மாவின் மகன். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் அவரை விளையாட விட்டதால்தானே அது நடந்தது?

சங்ககிரிக்காரன்:
தம்பி, மாரியப்பன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவரோடு அதே வருஷம் தாண்டிப் பழகியவர்கள் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒருவரைக் காட்டி ஆயிரம் வீடுகளுக்கு வழி சொல்லக் கூடாது.

ஓய்வு பெற்ற பி.இ.டி.:
31 வருஷம் கோபி, சத்தி பக்கத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். மாரியப்பனை இந்தப் பேச்சில் இழுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பதக்கத்துக்காகப் பிள்ளையை அனுப்பினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஏமாந்துதான் போவார்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பர்கூர் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எட்டாம் வகுப்பு முழுக்க வாயே திறக்கவில்லை. தமிழ் தப்பாகிவிடுமோ என்ற பயம். நன்றாக ஓடுவாள் என்று கோ-கோவில் சேர்த்தேன். அந்த ஆட்டம் தெரிந்தவர்களுக்குப் புரியும். எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். துரத்துகிறவள் ஒருத்தியின் முதுகைத் தொட்டு 'கோ' என்று சத்தமாகச் சொன்னால்தான் அவள் எழுந்து ஓடலாம். சத்தம் வராவிட்டால் தப்பாட்டம், நடுவர் விசில் ஊதிவிடுவார். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து பள்ளிக்கூடத்தில் முதல் முதலாக உரக்க வந்த வார்த்தை 'கோ'தான். ஒரு மாதம் கழித்து வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டாள் என்று தமிழாசிரியை ஓடி வந்து சொன்னார். அவள் மாநில அளவுக்கெல்லாம் போகவில்லை. இன்றைக்கு மலையிலேயே அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுகிறாள்.

சங்ககிரித் தம்பி படித்த முறைக்கும் ஒரு வார்த்தை. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே விட்டுவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை மனப்பாடம் செய்யவைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில ரேங்க் அறிவிப்பதையும் 2017இல் நிறுத்தினார்கள். இப்போது 2025-26இலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிற வருஷம் இது.

என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ரிவிஷன் நேரத்தில் கேட்டார்கள் என்று பி.டி. பீரியடை நானே எத்தனையோ முறை விட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

சங்ககிரிக்காரன்:
சார், பொதுத்தேர்வு இல்லை என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. பிளஸ் ஒன்னில் அடித்தளம் போடாத பிள்ளை பிளஸ் டூவில் தடுமாறும். பேசக் கற்றுக்கொள்வது முக்கியம்தான், மறுக்கவில்லை. அதை முதல் சம்பளம் வாங்கிய பிறகும் கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் கற்றேன். மார்க்கைப் பிறகு வாங்க முடியாது.

ஈரோடு அம்மா:
என் மகன் தனியார் பள்ளி. நான்காவதிலிருந்து சிலம்பம், அபாகஸ், கீபோர்டு, ஸ்போக்கன் ஹிந்தி என்று எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். பீரோவில் சர்டிபிகேட் ஒரு கட்டு இருக்கிறது. பத்தாவது வந்ததும் அவனே "எதுவும் வேண்டாம்மா" என்றுவிட்டான். அதில் ஒன்றுகூட அவன் கேட்டதில்லை, எல்லாம் நான் கேட்டது. இப்போது மஞ்சள் வேகவைக்கிற நாளில் அவன் அப்பாருகூடக் காட்டுக்குப் போய்விடுகிறான், திரும்பி வர மனசே இருப்பதில்லை. உங்கள் பெண் தானாகக் கேட்கிறாள், சாப்பிடாமல் கிடக்கிறாள். அது பெரிய விஷயமுங்க அண்ணா.

கொடுமுடி அக்கா:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை விளையாட்டா படிப்பா என்று கேட்கிறீர்கள். பெண் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே அப்படி வருவதில்லை.

1998இல் நான் ஒன்பதாவது. வாலிபால் ஆடினேன். சர்வீஸ் போட்டால் எதிர்ப்பக்கம் எடுப்பது கஷ்டம். வயசுக்கு வந்ததும் நிறுத்தினார்கள். "படிப்பு கெடும் கண்ணு" என்று அம்மா சொன்னார். அப்படி மிச்சமான ஒன்றரை மணி நேரம் புத்தகத்துக்குப் போகவே இல்லை. மாட்டுக்குத் தட்டு அறுத்தேன், பாத்திரம் கழுவினேன், தம்பியின் சட்டையைத் துவைத்தேன். தம்பி அதே மைதானத்தில் ஏழு மணி வரை கிரிக்கெட் ஆடினான். அவன் படிப்பு கெடும் என்று யாரும் சொல்லவில்லை. என் மார்க் ஒன்றும் ஏறவில்லை. ஏறியிருந்தால் இன்று இப்படி எழுத மாட்டேன்.

என்னிடமிருந்து போனது பந்து மட்டும் இல்லை. அந்த ஆறு பெண்களோடு வெளியூர் போய், ஒரு பள்ளிக்கூடத்துத் தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்து, தோற்று, அழுது, சேர்ந்து பஸ் ஏறி வருவது போனது. வீட்டைத் தாண்டி எனக்கென்று நான்கு பேர் இருந்த ஒரே காலம் அது.

தறிக்குடோன் அண்ணா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். பயிற்சி இல்லாத நாளில் உங்கள் பெண் சாயங்காலம் என்ன செய்கிறாள்?

என்.எஸ்.எஸ். தம்பி:
அக்கா எழுதியதற்குப் பிறகு என் ஏழு நாள் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) முகாமைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கிராமத்துக் கோயில் வளாகத்தில் முள் வெட்டினோம், அறுபது பேருக்கு நாங்களே ரசம் வைத்தோம். எங்கள் வகுப்புப் பெண்களில் பாதிப் பேரை வீட்டில் அனுப்பவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

சங்ககிரிக்காரன்:
அக்கா, உங்களுக்குப் பதில் சொல்ல யோசித்தேன், முடியவில்லை. நான் விடுதியில் படித்த இரண்டு வருஷமும் வீட்டு வேலை முழுக்க என் தங்கை தலையில்தான் விழுந்திருக்கும். அவள் பிளஸ் டூவில் வாங்கிய மார்க் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் கேட்கிறேன்.

தறிக்குடோன்:
அக்கா கேட்டதை மகளிடமே கேட்டேன். "தார் சுத்தறேன்ல அப்பா" என்றாள். ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றுகிற வேலை அது, என் தறிக்குத்தான். அவள் சுற்றித் தருவதால் எனக்கு ஆள் கூலி மிச்சம். அது பழகிப்போய்விட்டது, அதை நான் அவள் படிப்பு நேரக் கணக்கில் சேர்த்தே பார்க்கவில்லை.

வீட்டுக்காரியிடமும் நிதானமாகப் பேசினேன். அவளுக்குப் பயம் படிப்பைப் பற்றி இல்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை ஒரு கிலோமீட்டர், தெரு விளக்கு பாதிக்கு மேல் எரியாது. அதுதான் அவள் பயம். முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம்.

போட்டி முடியும் வரை தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நான் நிற்கிறேன். அந்த அரை மணி நேரம் பக்கத்துத் தறிக்காரர் என் தறியைப் பார்த்துக்கொள்வார். தார் சுற்றும் வேலையை இரவில் நானும் வீட்டுக்காரியும் பிரித்துக்கொள்கிறோம். மகள் பி.இ.டி. டீச்சரிடம் சொல்லி, சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் பயிற்சிக்கு விடுப்பும் கேட்டிருக்கிறாள். நேற்று நாலு தோசை சாப்பிட்டாள்.

சங்ககிரிக்காரன்:
சந்தோஷம் அண்ணா. என் கருத்து இன்னும் முழுசாக மாறவில்லை. அரையாண்டு மார்க்கை இங்கே எழுதுங்கள். பிசிக்ஸ் குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் நானே சொல்லித் தருகிறேன். மேட்ச் என்றைக்கு என்பதையும் எழுதுங்கள்.