தார் வேட்டைக்கு ஸ்கோப்: 400 கிராம் போதுமா, 65 மி.மீ. வேணுமா?

தென்தீவுக்காரன்
வணக்கம். ஜூன்ல நியூசிலாந்து தென்தீவுல ரங்கிட்டாட்டா ஆத்து மேல்பகுதிக்கு, தார்ங்கிற மலையாட்டை வேட்டையாடப் போறேன், இது ரெண்டாவது தடவை. போன வருஷம் கையில 10×42 பைனாகுலர் (10 மடங்கு பெருசாக் காட்டும், லென்ஸ் விட்டம் 42 மி.மீ.) மட்டும்தான். எதிர்ச்சரிவுல ஒண்ணு படுத்திருந்துச்சு, ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்கும். கறுப்பா, பெருசா தெரிஞ்சுது. பெரிய கிடாதான்னு நம்பி ஆத்தைக் கடந்து, சரளைச் சரிவுல நாலு மணி நேரம் ஏறினேன். 250 மீட்டர்ல போய்ப் பாத்தா கொம்பு அடியில விரல் தடிமன்கூட இல்லாத இளங்கிடா. அது பாட்டுக்கு எழுந்து மேய ஆரம்பிச்சுது. நான் இருட்டுல தட்டுத்தடுமாறி கூடாரத்துக்குத் திரும்பினேன்.

இந்தத் தடவை ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துல இருக்கிறதை ஒத்தைக் கண்ணால பாக்கிற சின்னத் தொலைநோக்கி) வாங்கியே ஆகணும். கையில 900 நியூசிலாந்து டாலர். யோசிக்கிறது மூணு: கோவா 501 (20-40×50, 400 கிராம்), செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் ஈடி (9-27×56, 600 கிராமுக்குப் பக்கம்), இல்லேன்னா பழசுல ஒரு 65 மி.மீ. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

பனிமுகடு
பழசா இருந்தாலும் 65 வாங்குங்க. 50 மி.மீ.யை 40 மடங்குல வெச்சா கண்ணுக்கு வர்ற ஒளிக்கத்தை (லென்ஸ் விட்டத்தை மடங்கால வகுத்தா வர்றது, குறைஞ்சா படம் மங்கும்) 1.25 மி.மீ.தான். ஜூன்ல அஞ்சு மணிக்கே பொழுது சாஞ்சிடும். கிடா பாறையை விட்டு வெளிய வர்ற நேரமும் அதுதான். அந்த நேரத்துல உங்க 400 கிராம் காட்டுறது சாம்பல் பூச்சு. அதோட கோவா 501-ல ஈடி கண்ணாடி (ஓரத்துல நிறம் பிரியாமத் தடுக்கிற கண்ணாடி) கிடையாது. பனிக்கு எதிரே கறுப்புக் கொம்பைப் பாத்தா ஓரத்துல ஊதாக் கோடு விழும். கொம்பு எங்க முடியுதுன்னே தெரியாது.

கல்லேறி
யாருங்க 40 மடங்குல பாக்கிறது? 50 மி.மீ.யை 25-ல நிறுத்தினா ஒளிக்கத்தை 2 மி.மீ. அதே 2 மி.மீ. உங்க 65-ல கிடைக்கிறது 32 மடங்குல. வித்தியாசம் அவ்வளவுதான். பத்து மணிக்கு மேல வெயில் படுற சரிவுல காத்து கொதிக்க ஆரம்பிச்சா எந்த ஸ்கோப்பா இருந்தாலும் 30-க்கு மேல படம் தண்ணிக்குள்ள ஆடுற மாதிரிதான்.

இன்னொண்ணு, 65-ன்னா ஐபீஸோட (கண்ணு வெச்சுப் பாக்கிற பகுதி) 1.3, 1.4 கிலோ. அதைத் தாங்க ஒரு ட்ரைபாட் ஒரு கிலோவுக்கு மேல. முதல் நாள் தூக்குவீங்க. ரெண்டாம் நாள் ஹட்டுல பங்க் அடியில தள்ளிட்டுப் போவீங்க. நானும் தள்ளினவன்தான்.

பனிமுகடு
உங்க முட்டி வலிக்கு ஸ்கோப் என்னங்க பண்ணும்? :)

வன்னியன்_ஒக்லாந்து
ரெண்டு பேரும் கண்ணாடியைப் பற்றியே கதைக்கிறியள். தம்பி, முதல் நல்ல ட்ரைபாட்டுக்குக் காசு ஒதுக்குங்கோ. நான் முதல்ல வாங்கினது ஒன்லைன்ல மலிவா வந்த 20-60×80. பெட்டியில எழுத்தெல்லாம் பெரிசு. காலமை குளிருக்க போக்கஸ் சில்லு இறுகிப் போச்சு, திருப்பேலாது. ரெண்டாம் நாள் உள்ளுக்குள்ளயே ஆவி பிடிச்சிட்டுது, துடைக்க வழியில்லை. அதுக்குப் பிறகு 50-க்கு மாறினனான். கம்புகள் ரெண்டைக் கட்டி அதுக்கு மேல வச்சுப் பாத்தன், காத்தில படம் துள்ளுது. 800 கிராம் கார்பன் ட்ரைபாட்டை வச்சு, நடுவில தண்ணிப் போத்தலைத் தொங்கவிட்ட பிறகுதான் அந்த 50-ன்ட அருமை தெரிஞ்சது.

மேகமலை_வாசகி
குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். தார்னா வரையாடுதானே? நம்ம மாநில விலங்கு. அதைச் சுடுறதுக்கு ஸ்கோப் தேடுறீங்களா?

கல்லேறி
இல்லைங்க, இது இமாலயத் தார். நம்ம நீலகிரி வரையாடு வேற பேரினம்னு 2005-லயே மரபணு ஆய்வுல பிரிச்சாச்சு. அதைத் தொட்டா ஜெயில், தொடவும் கூடாது. இங்க 1904-ல மவுண்ட் குக் பக்கத்துல கொண்டுவந்து விட்டாங்க. பிடிச்சுத் தின்ன சிறுத்தை ஏதும் கிடையாது. மவுண்ட் குக் லில்லிங்கிற மலைப்பூச்செடியை எல்லாம் மேய்ஞ்சு தீர்க்குது. எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாதுன்னு 1993-ல திட்டமே போட்டிருக்காங்க. அரசாங்கமே ஹெலிகாப்டர்ல போய்ச் சுடுது.

மேகமலை_வாசகி
சரி, புரிஞ்சுது. மனசு ஒப்பல, ஆனா புரிஞ்சுது.

பனிமுகடு
விஷயத்துக்கு வருவோம். கிடாவோட வயசைக் கொம்பு வளையத்தை எண்ணித்தான் சொல்லணும். அதுக்குப் பெரிய லென்ஸ் வேணும். இதுல விவாதமே இல்லை.

கல்லேறி
இருக்கு. கணக்குப் போடுங்க. 116-ஐ லென்ஸ் விட்டத்தால வகுத்தா எவ்வளவு நுணுக்கமாப் பிரிச்சுக் காட்டும்னு வில்நொடியில (ஒரு பாகையில 3600-ல ஒரு பங்கு) வரும். 50 மி.மீ.க்கு 2.3, 65-க்கு 1.8. 800 மீட்டர் தூரத்துல அது 9 மி.மீ., 7 மி.மீ. கிழட்டுக் கிடாவோட கடைசி வளையங்கள் அதை விட நெருக்கம். ரெண்டுலயும் எண்ண முடியாது! எண்ணணும்னா 300 மீட்டருக்குள்ள போகணும், அங்க 50-ஏ 3 மி.மீ. சொச்சம் பிரிச்சுக் காட்டும். தூரத்துல நமக்கு வேண்டியது பிடரி மயிர் எவ்வளவு இறங்கியிருக்கு, கொம்பு அடித்தடிமன் என்ன, பெட்டையா கிடாவா. அவ்வளவுதான்.

பனிமுகடு
காகிதத்துல சரி. ஆனா இவர் கஷ்டமே அந்த "அவ்வளவுதான்"லதானே? ஆத்தைக் கடக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது ஒரு கிலோமீட்டர்ல, மங்கலான வெளிச்சத்துல. அந்த ஒரு முடிவு தப்பினா நாலு மணி நேரம் போச்சு. ஒரு கிலோ கூடத் தூக்கிறது அதை விடக் கஷ்டமா?

கல்லேறி
...இது நியாயமான கேள்வி. ஒத்துக்கிறேன். ஆனா அதுக்குப் பதில் ஹம்மிங்பேர்ட். ஈடி கண்ணாடி, 56 மி.மீ. 27 மடங்கோட நிக்கும், அதுக்கு மேல மலையில எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

வன்னியன்_ஒக்லாந்து
எதை வாங்கினாலும் சரிஞ்ச ஐபீஸா, நேர் ஐபீஸா எண்டு பாருங்கோ. மேல் நோக்கிப் பாக்கச் சரிஞ்சது சுகம். பையில சாய்ச்சுப் படுத்துக்கொண்டு பாக்க நேரானது. ஒரு விஷயம், துவக்கு ஸ்கோப்பால தேடுற பழக்கம் மட்டும் வேண்டாம். அங்கால நிக்கிறது ஆளாயும் இருக்கலாம்.

தென்தீவுக்காரன்
எல்லாருக்கும் நன்றி. ட்ரைபாட்டுக்கு 300 ஒதுக்கிட்டேன். மீதி 600-க்கு 501-ஆ ஹம்மிங்பேர்டான்னுதான் இப்ப குழப்பம். பனிமுகடு அண்ணா, நீங்களும் கிறைஸ்ட்சர்ச்தானே? சனிக்கிழமை சாயங்காலம் உங்க 65-ஐ போர்ட் ஹில்ஸுக்குக் கொண்டு வர முடியுமா? நண்பர்கிட்ட 501 இருக்கு, வாங்கிட்டு வர்றேன். எதிர்மேட்டுல மேயுற செம்மறிக் காது டேக்ல இருக்கிற நம்பரை எது கடைசி வரைக்கும் படிக்குதுன்னு பாத்திடலாம்.

பனிமுகடு
நாலரைக்கு வாங்க. டீ நான் கொண்டு வர்றேன். ஸ்கோப்பை நீங்கதான் மேல வரைக்கும் தூக்கணும்.