'தனியா இருக்கேன்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது: வெளிநாடு வந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து இந்த வருஷம் கிளம்பி வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்த இழை. வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு. ஊரில் "தனியா இருக்கேன்" என்று சொன்னால் போதும். குரலை வைத்தே ஆத்தாவும் அப்பத்தாவும் மீதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே கேட்கிறவருக்கு நம் குரல் பழக்கமில்லை. நாம் எந்தச் சொல்லைச் சொன்னோமோ அதை வைத்துத்தான் டாக்டரும் டீச்சரும் மேனேஜரும் அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள்.

முதலில் சுலபமானது. ஒற்றை ஆளாகத் தங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்றால் 'ஐ லிவ் அலோன்', 'ஆன் மை ஓன்', 'பை மைசெல்ஃப்' எல்லாமே சரி. இவை வெறும் தகவல், யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். பிரிட்டனில் இந்தத் தகவலால் காசும் மிச்சமாகும்: வீட்டில் வயதுவந்தவர் ஒருவர்தான் என்றால் கவுன்சில் டாக்ஸில் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரியில்) 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. நீங்களாக விண்ணப்பியுங்கள்.

'சிங்கிள்', 'பேச்சிலர்', 'செப்பரேட்டட்' மூன்றிலும் கவனம் வேண்டும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர் "நான் இங்க பேச்சிலர்தான்" என்று சொல்வது நமக்குச் சாதாரணம், வளைகுடாவிலும் செல்லும். லண்டனிலோ டொராண்டோவிலோ அதைக் கேட்கிறவர் உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். படிவத்தில் 'சிங்கிள்' என்று குறித்துவிட்டால், பிறகு மனைவிக்கு விசா போடும்போது முன்னுக்குப் பின் முரணாகி நிற்கும். 'மேரீட்' என்றே எழுதுங்கள். பேச்சில் 'மை ஃபேமிலி இஸ் பேக் ஹோம்' போதும். அப்புறம், நம் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பது வழக்கம். அடுப்பு தனி, செலவுக் கணக்கு தனி, ஆனால் வளவு (முற்றத்தோடு கூடிய பெரிய வீடு) ஒன்றுதான், உறவும் அப்படியே. அதை விளக்கப்போய் 'வீ ஆர் செப்பரேட்டட்' என்று சொன்னால் புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தமாகிவிடும். 'வீ ஹேவ் அவர் ஓன் கிச்சன் இன் தி ஃபேமிலி ஹவுஸ்' என்று சொல்லுங்கள், அழகாகப் புரியும்.

இனி 'லோன்லி'. இதற்காகத்தான் இழையையே தொடங்கினேன். இது மனசுக்குள் இருக்கும் வலி. ஐந்து பேர் பகிரும் வீட்டிலும் வரும். நம் பிள்ளைகள் இந்தச் சொல்லை வாயால் சொல்லவே கூசுகிறார்கள். டாக்டரிடம் போய்த் தலைவலி, தூக்கமில்லை, பசியில்லை என்கிறார்கள். அவரும் அதற்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பிவிடுகிறார். 'ஐ ஹேவ் பீன் வெரி லோன்லி சின்ஸ் ஐ மூவ்ட் ஹியர்' என்று நேராகச் சொல்லுங்கள். பிரிட்டன் அரசு 2018-ல் மக்களின் தனிமையைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் அமைச்சரிடமே கொடுத்தது. அமெரிக்காவில் சர்ஜன் ஜெனரலாக (அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவராக) இருந்த விவேக் மூர்த்தி 2023-ல் இதை நாட்டின் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அறிக்கை விட்டார். இங்கே இது உடம்பைக் கெடுக்கும் விஷயமாகவே பார்க்கப்படுகிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ஜிபியிடம் (உங்கள் வட்டாரக் குடும்ப டாக்டரிடம்) சொல்லிவிட்டு, 'லிங்க் ஒர்க்கர்' ஒருவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நடைக்குழு, தோட்டவேலை, சமையல் வகுப்பு என்று அந்த வட்டாரத்தில் நடப்பவற்றோடு நம்மைச் சேர்த்துவிடுவதுதான் அவர் வேலை.

நம் முன்னோர் இதை முன்பே யோசித்திருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்ய) போனவர்களில் பெரும்பாலோர் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுத்தான் கப்பலேறினார்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்புவது. ஆனால் யாரும் ஒற்றையில் கிடக்கவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கட்டடங்களில்) ஒரே நீளக் கூடத்தில் பல கடைகள், கடைக்கொரு பெட்டி. பகலெல்லாம் தரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டிமேல் கணக்கு எழுதுவார்கள், ராத்திரி அங்கேயே பாயை விரித்துப் படுப்பார்கள். கும்பிட டேங்க் ரோட்டில் 1859-லேயே தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிவிட்டார்கள். இதனால்தான் சொல்கிறேன்: முதல் வருஷம் ஸ்டூடியோ (ஒருவருக்கான ஒற்றை அறை வீடு) வேண்டாம். வசதி இருந்தாலும் வேண்டாம். சமையலறையைப் பகிரும் வீடாகப் பாருங்கள். வாடகை விளம்பரத்தில் 'செக்லூடட்' (ஒதுக்குப்புறமானது) என்று பெருமையாகப் போட்டிருந்தால், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஆபீஸில் 'லீவ் மீ அலோன்' என்று சொல்லாதீர்கள், அது எரிந்து விழுவதுபோல் கேட்கும். 'ஐ நீட் அ குவயட் ஹவர்' என்றால் எல்லோரும் மதிப்பார்கள். உங்களை 'குவயட்' என்றால் கவலையில்லை. 'அலூஃப்' என்று காதில் விழுந்தால், ஒதுங்கி நிற்கிறவர், நம்மை மதிக்காதவர் என்று நினைக்கிறார்கள் என்று பொருள். மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே முடிக்காமல் பொது அறைக்கு எடுத்துப் போங்கள், பாதி சரியாகிவிடும்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு ஒன்று. மற்றப் பிள்ளைகள் உங்கள் மகளை விளையாட்டில் சேர்க்கவில்லை என்றால் 'ஷி இஸ் பீயிங் லெஃப்ட் அவுட்' என்று எழுதுங்கள். 'எக்ஸ்க்லூடட்' என்று எழுதாதீர்கள். பிரிட்டன் பள்ளிகளில் அது ஒழுங்கு நடவடிக்கையாகப் பிள்ளையை வெளியேற்றுவதற்கான சொல். டீச்சர் 'ஹேப்பி இன் ஹெர் ஓன் கம்பெனி' (தனியாக இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறாள்) என்று எழுதினால் நிம்மதியாக இருக்கலாம். 'வித்ட்ரான்' என்று எழுதினால் அந்த வாரமே போய்ப் பாருங்கள். முன்பு கலகலப்பாக இருந்த பிள்ளை சுருங்குகிறது என்று அவர் சொல்கிறார்.

கடைசியாக, கணவரோடு வந்து வீட்டிலேயே இருக்கும் தங்கைகளுக்கு. கார் ஓட்டத் தெரியவில்லை, அக்கம்பக்கம் யாரையும் தெரியாது என்றால் அதற்குச் சரியான சொல் 'ஐசலேட்டட்'. ஜிபியிடமும் ஹெல்த் விசிட்டரிடமும் (கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வரும் நர்ஸிடமும்) அதையே சொல்லுங்கள். அதே சொல் வேறு இடத்திலும் வேலைக்கு ஆகும். கணவர் போனைப் பிடுங்கிக்கொள்வது, ஆத்தாவோடு பேச விடாமல் தடுப்பது, வெளியே போக விடாதது எல்லாம் தொடர்ந்து நடந்தால் 'ஹி இஸ் ஐசலேட்டிங் மீ' என்று சொல்லுங்கள். குடும்பத்துக்குள் இப்படி அடக்கி வைப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆபத்து என்றால் பிரிட்டனில் போலீஸை அழைக்க 999. ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ் இண்டர்ப்ரெட்டர்' என்று கேளுங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் (மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பு) எண் 116 123, அமெரிக்காவில் 988. இரண்டுமே 24 மணி நேரமும் உண்டு.