ஜூன் மாதத்து லேலா மீனில் ருசி இல்லை: யாராவது கவனித்தீர்களா?

ஆத்தங்கரை (நாவலப்பிட்டி)

மே கடைசியில் மழை இறங்கினால் எங்கள் பக்கம் மகாவலி ஒரே ராத்திரியில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும். ஒரு வருஷம் வெள்ளம் வடிய ஆரம்பித்த இரண்டாம் நாள் பெரியப்பாவின் தூண்டிலில் ஒரு லேலா மாட்டியது. தெரியாதவர்களுக்கு: புத்தகத்தில் மஹ்சீர் என்று வரும். கெண்டைக் குடும்பம். தடித்த உதடு, வாயோரம் இரண்டு சோடி மீசை, பெரிய பெரிய செதில்.

அதை அறுத்தது நான்தான். அதே ஆற்றில் மார்ச்சில் பிடித்ததையும் நானே அறுத்திருந்தேன், அதனால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. மார்ச் மீனின் குடல் தடித்துக் கிடந்தது. பிதுக்கினால் அத்திப்பழ விதை, பாசி, நொறுங்கிய நத்தை ஓடு. குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு. ஜூன் மீனில் அந்தக் கொழுப்பைக் காணோம். குடல் நூல் மாதிரி. வயிற்றின் இரண்டு பக்கமும் மஞ்சள் முட்டைதான். உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவில் இல்லை, பெரிய மணிகளுக்கு நடுவில் கடுகு போலப் பொடியும் கிடந்தது. இந்த இனம் ஒரேயடியாக முட்டை போட்டு முடிக்காது, தவணை தவணையாகப் போடும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

கொறுக்காப்புளி போட்டுக் குழம்பு வைத்தோம். சதை சப்பென்று, தண்ணீர்த்தன்மையாக இருந்தது. இருக்காதா பின்னே! வறட்சியில் தின்று சேர்த்த கொழுப்பு அத்தனையும் முட்டைக்குப் போய்விட்டதே.

கித்துள்கலைத் தம்பி

அண்ணே, நீங்கள் சொல்லும் கணக்கு மழையை நம்பி ஓடும் ஆற்றுக்குச் சரி. எங்கள் களனி கங்கையில் வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் ஏறும், மேலே மின்சாரத்துக்காகத் திறந்துவிடுவார்கள். ஏறின மாதிரியே இறங்கியும் விடும். ஒரு தடவை பாறைக் குழியில் விரல் நீளக் குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு, சூடேறின தண்ணீரில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சாரத்தில் அள்ளி ஆற்றில் விட்டேன். எத்தனை பிழைத்ததோ.

நுவரெலியா அக்கா

எங்கள் உயரத்துக் குளிரில் உங்கள் லேலா கிடையாது. வெள்ளைக்காரர்கள் 1882 வாக்கில் கொண்டுவந்த ட்ரவுட்தான் பேச்சு. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட்டை நானே பார்த்திருக்கிறேன். நிற்க, ஒரு சந்தேகம் ஆத்தங்கரைத் தம்பி: லேலா முட்டையை எங்கே போய்ப் போடும்? கலங்கின ஆற்றிலா?

ஆத்தங்கரை (நாவலப்பிட்டி)

இல்லை அக்கா. பெரிய ஆறு கலங்கும்போது மேல்நோக்கி ஏறி, சின்ன ஓயாக்களின் (ஓடைகளின்) சரளைக்கல் பகுதிக்குப் போகும். முட்டை கல் இடுக்கில் கிடக்கும், மேலே சுத்தமான தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சேறு படிந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மலைச்சரிவை மொட்டையாக விட்டால் முதல் மழையில் எவ்வளவு மண் ஓயாவுக்கு வருகிறது என்று தோட்டத்தில் வளர்ந்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்ச் மீன் ருசிதான், ஆனால் அப்போது அதற்கு வேறு ஆபத்து. தண்ணீர் வற்றி, பெரிய மீன்கள் எல்லாம் இரண்டு மூன்று மடுவில் ஒதுங்கி நிற்கும். வெடி போடுகிறவனுக்கு அதுதான் வாய்ப்பு. 1996 மீன்பிடிச் சட்டப்படி அது குற்றம். இருந்தும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

கித்துள்கலைத் தம்பி

அந்த முட்டையை என்ன செய்தீர்கள்? பொரித்தால் நன்றாக இருக்குமே.

ஆத்தங்கரை (நாவலப்பிட்டி)

நானும் அதைத்தான் கேட்டேன். பெரியப்பா பதில் பேசவில்லை. பூனைக்குக்கூடப் போடாமல் வாழை இலையில் ஏந்திக்கொண்டு போய் ஆற்றிலேயே கொட்டிவிட்டு வந்தார். அதிலிருந்து குஞ்சு வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் தூண்டிலைக் கூரையிலிருந்து இறக்கவே இல்லை.