புதுப்பிப்பு: பெர்சியனா, சயாமீஸா? முடிவு செய்தாச்சு

பெர்சியன் பூனை வாங்கலாமா, சயாமீஸ் பூனை வாங்கலாமா என்று பங்குனியில் இங்கே கேட்டிருந்தேன். கும்பகோணத்தில் ஏசி இல்லாத ஓட்டு வீடு, இரண்டு பிள்ளைகள், 80 வயது அப்பாயி. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சயாமீஸ் குட்டி வந்து 2 மாதம் ஆகிறது.

'வாங்கும் முன் ஒரு பெர்சியனை நீங்களே சீவிப் பாருங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. தெரிந்தவர் வீட்டுப் பூனையைச் சீவினோம். அக்குளில் சிக்கு எடுக்கவே அரை மணி நேரம். சப்பை மூக்கு வேறு. சித்திரை வெக்கையில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கியதைப் பார்த்ததும் மகளே வேண்டாம் என்றாள்.

சயாமீஸுக்குக் குட்டை முடி, வாரம் ஒருமுறை சீவினால் போதும். ஆனால் சத்தம் பற்றி நீங்கள் எச்சரித்தது அத்தனையும் உண்மை. காலை 5 மணிக்கே கைக்குழந்தை போல அழும். அப்பாயி எழுந்து பேச்சுக் கொடுத்தால்தான் அடங்கும்.

எதிர்பாராத ஒன்று: சயாமீஸுக்கு வழக்கமாகக் கறுக்கும் காதும் வாலும் இதற்குக் கறுக்கவில்லை, வெளிறிய பழுப்புதான். கலப்பினமோ என்று பயந்து கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். இந்த இனத்துக்கு உடம்பில் குளிர்ச்சியான இடங்களில்தான் நிறம் ஏறுமாம். வெப்பமான ஊரில் வெளிறித்தான் இருக்கும் என்றார். வெறிநோய்த் தடுப்பூசியும் அன்றே போட்டாச்சு. மார்கழிப் பனியில் கொஞ்சம் கறுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.